கேள்விக்குறி போட்ட போர்டுகள்

தம்பி தங்கைகளே,

போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்தார். "அங்கிள், செயற்கை நுண்ணறிவு சமுதாயத்தை என்ன செய்யப்போகுதுன்னு ஒரு கூட்டம் போடுறோம். ஒரு பக்கம் எஞ்சினியர்ங்க, இன்னொரு பக்கம் நாடகக்காரங்க, ஓவியர்ங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரே மேடையில உட்கார வைக்கிறது இதுதான் முதல் தடவை. நீங்க வந்து பேசணும்லா" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மேடையில் எனக்குப் பேச வராது. பாதியில் கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன், நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருத்தம் மட்டும். இது முதல் தடவை இல்லை. எண்பதுகளின் கடைசியில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பிறையில் ஒரு தொழிற்சாலையின் கேண்டினில் இதே கூட்டம் நடந்துவிட்டது. யாரும் அழைப்பிதழ் அடிக்கவில்லை, அவ்வளவுதான். எஞ்சினியர் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். அன்றைக்கு என் மூக்கு நன்றாகவே உடைந்தது.

எங்கள் தொழிற்சாலையில் வானொலிக்கும் டெலிபோனுக்கும் உள்ளே வைக்கிற சர்க்கிட் போர்டுகளைச் செய்தோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஈயத்தை உருக்கிப் பொட்டுப் பொட்டாக வைத்துக் கம்பிகளை ஒட்டுவார்கள். வரிசையின் கடைசியில் ஒரு மேசை. அங்கே இருப்பவர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு போர்டாகப் பார்த்து, நல்லது என்றால் பச்சைத் தட்டிலும் பழுது என்றால் சிவப்புத் தட்டிலும் வைப்பார். போர்டைச் செய்தவரின் நம்பர் அதன் மூலையில் ஒட்டியிருக்கும். சிவப்புத் தட்டுக்குப் போனால் அந்த நம்பர்காரியின் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு விழும். சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் ஐந்து கோடு விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த மேசையில் இருந்தவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள்கூட அக்கா என்பார்கள். பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், "என் பேரை எதுக்குலா இழுத்தே?" என்று நேரே வீட்டுக்கே வந்து நிற்பார். இன்றைக்கும் அந்தத் தெம்பு இருக்கிறது.

புதிதாகச் சேரும் எஞ்சினியர்கள் முதல் இரண்டு வாரம் வரிசையில் உட்கார்ந்து போர்டு செய்யவேண்டும் என்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். நானும் செய்தேன். ஒருநாள் அக்கா பின்னால் வந்து நின்று, "தம்பி, அவசரப்படாதீங்க. ஈயம் தானா ஓடி வந்து உட்காரட்டும். அப்புறம் கையை எடுங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவனுக்கு ஈயம் உருக்கச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று. இரண்டு வாரம் முடிந்தபோது என் அட்டையில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கல்யாணப் பேச்சில்கூட என் அம்மா அதைச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருஷம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு புதுத் திட்டத்தைக் கையில் கொடுத்தார். கேமரா வைத்த இயந்திரம் ஒன்று வரப்போகிறது. அதற்கு அக்காவின் கண்ணை நாங்கள் கொடுக்கவேண்டும். அக்கா எதைப் பார்த்து நல்லது என்கிறார், எதைப் பார்த்துப் பழுது என்கிறார் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு, 'இப்படி இருந்தால் இது' என்று விதிகளாக எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று பேர். செயற்கை அறிவு என்று பத்திரிகைகள் எழுதின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தீவிலும் கரையிலும் இந்த வேலையைச் செய்கிற முதல் தமிழன் நான்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் அக்காவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எதற்காக என்று மட்டும் சொல்லவில்லை. "உங்க வேலையைக் கத்துக்க வந்திருக்கேன் அக்கா" என்றேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அவர் மகிழ்ந்துபோனார். "பளபளன்னு சரிஞ்சு உட்கார்ந்திருந்தா நல்லது தம்பி. சாம்பல் பூத்தாப்ல இருந்தா கம்பி ஒட்டலைன்னு அர்த்தம். உருண்டையா நின்னா சூடு பத்தல" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நான் நோட்டில் எழுதினேன். நல்லது என்றால் ஒரு சரி, பழுது என்றால் ஒரு பெருக்கல்.

சில போர்டுகளை மட்டும் அக்கா பச்சையிலும் வைக்கமாட்டார், சிவப்பிலும் வைக்கமாட்டார். ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு காலடியில் இருந்த சதுரமான பிஸ்கட் டின்மேல் வைப்பார்.

"அது என்ன அக்கா? நல்லதா, பழுதா?"

"அது அப்புறம் தம்பி."

நான் நோட்டில் கேள்விக்குறி போட்டேன். அக்காவுக்கே சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தேநீர் இடைவேளைக்கு நான் எஞ்சினியர்கள் அறைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது டின்மேல் ஒன்றும் இருக்காது. என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்கவில்லை. விதிகளை எழுத உட்கார்ந்தபோது கேள்விக்குறி போட்டவை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நிபுணருக்கே தெளிவில்லாததை வைத்து இயந்திரத்துக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

இயந்திரம் வந்தது. ஒரு மாதச் சோதனை. போர்டு முதலில் இயந்திரத்துக்குள் போகும், அது தன் தீர்ப்பைப் பதிந்துகொள்ளும். அதே போர்டு பிறகு அக்காவிடம் வரும். இயந்திரம் சொன்னது அக்காவுக்குத் தெரியாது. சிவப்புக் கோடு மட்டும் அந்த மாதம் இயந்திரத்தின் தீர்ப்புப்படி பெண்களின் அட்டையில் விழுந்தது.

மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டேன். எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. இயந்திரம் பழுது என்று சொன்ன பல போர்டுகள் அக்காவின் பச்சைத் தட்டில் இருந்தன. அக்கா கோட்டைவிட்டதை இயந்திரம் பிடித்துவிட்டது! அப்படித்தான் அறிக்கையில் எழுதினேன். மேனேஜர் வாசித்துவிட்டு, "அவருடைய கண் போய்விட்டது, பாவம். பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம்" என்றார். அட்டையில் ஐந்தோ அதற்கு மேலோ கோடு விழுந்த புதுப் பெண்கள் ஏழு பேரின் பட்டியலும் மேசைமேல் இருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இரண்டிலும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

எனக்கு உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எண்கள் என் பக்கம் இருந்தன. வயசும் முப்பதுதான்.

இப்போது நாடகக்காரர்கள் பக்கம் வருகிறேன். வரிசையில் வசந்தா என்று ஒரு பெண் இருந்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபம் எடுத்து, தொழிலாளர்கள் எல்லாரும் மதிய விருந்து வைப்பது வழக்கம். வருஷா வருஷம் நாடகம் வசந்தாவுடையது. அந்த வருஷம் அவள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், நான்தான் இந்த வருஷம் உங்க மெஷினா நடிக்கிறேன். நெத்தியில ஒரு சிவப்பு பல்ப் எரியணும். போட்டுக் குடுப்பீங்களா?"

ஷிப்ட் முடிந்து கேண்டினில் அவர்கள் ஒத்திகை பார்க்கிற இடத்துக்கே போய், பேட்டரி, சுவிட்ச் எல்லாம் வைத்து பல்ப் மாட்டிக்கொடுத்தேன். அப்போது வசந்தா பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டாள்.

"சார், மெஷினுக்கு எது தெரியாது?"

"நான் சொல்லிக்குடுத்தது எல்லாம் அதுக்குத் தெரியும்."

"நான் அதைக் கேக்கலியே சார்."

பெண்கள் சிரித்தார்கள். பட்டியலில் இருந்த ஏழு பேரில் ஒருத்தி தேவி. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கேண்டின் மூலையில் உட்கார்ந்து தன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மேனேஜர் சிறப்பு விருந்தினர். பினாங்கில் பிறந்து வளர்ந்த சீனர், தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வாழையிலையில் ஒரு கை பார்த்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

திரை விலகியது. நடுவில் அட்டைப்பெட்டிக்குள் வசந்தா, நெற்றியில் என் பல்ப். பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வசந்தா கரகரத்த குரலில், "நல்லது! அடுத்தது! பழுது! அடுத்தது!" என்றாள். ஒருத்தி தட்டில் உளுந்து வடையை வைத்து நீட்டினாள்.

"நடுவுல ஓட்டை இருக்கு. பழுது!"

"அடப்பாவி, அது வடைலா!"

மண்டபம் அதிர்ந்தது. மேனேஜருக்குச் சொன்னேன், அவரும் தொடையில் தட்டிச் சிரித்தார். என் இயந்திரத்தைக் கிண்டல் செய்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு பெண் அக்கா மாதிரியே கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தாள். கையில் சதுரமான பிஸ்கட் டின். அவ்வளவுதான், ஒரு வசனம்கூடப் பேசவில்லை. பின்வரிசைப் பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கைதட்டினார்கள், சிலர் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒரு தகர டின்னுக்கு இத்தனை சிரிப்பா? திரும்பிப் பார்த்தேன். உண்மையான அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் இயந்திரம் கேட்டது. "அந்த டின்னுல என்ன?"

"உனக்குச் சொல்லிக்குடுக்காத பாடம்."

"சொல்லிக்குடு. நான் எல்லாத்தையும் கத்துக்குவேன்."

"சொல்லிக்குடுத்தா நீ மேல போய்ச் சொல்லிடுவே. மேல தெரிஞ்சா டின்னைத் தூக்கிடுவாங்க. அப்புறம் நாளைக்குப் புதுசா வர்ற புள்ளைக்கு யாரு இருக்கா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. நெற்றி பல்ப் அணைந்தது. நான் மாட்டிக்கொடுத்த சுவிட்சுதான்.

மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார். "அந்த டின்னில் என்ன இருக்கிறதாம்?"

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, சத்தியமாக. ஆனால் பின்வரிசையில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டேன். இது இந்த மனிதருக்குச் சொல்லக்கூடாத விஷயம் என்பது மட்டும் புரிந்தது.

"முறுக்கு" என்றேன். "தீபாவளி முறுக்கு."

அவர் தலையாட்டிச் சிரித்தார்.

விருந்து முடிந்ததும் நேரே சூலியா தெருவில் ஒரு தேநீர்க் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பையில் எப்போதும் அந்த நோட்டு இருக்கும். முன்னால் வைத்த தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கேள்விக்குறி போட்ட இடங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் போர்டு செய்தவரின் நம்பரை நானே எழுதியிருக்கிறேன். எல்லாம் கடைசியில் சேர்ந்தவர்களின் நம்பர்கள். பழைய கைகளின் நம்பர் ஒன்றுகூட இல்லை.

அக்காவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பழுது என்று தெரிந்தேதான் டின்மேல் வைத்திருக்கிறார். நான் தேநீர் குடிக்கப் போகும் அந்தப் பத்து நிமிஷத்தில் புதுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே திருத்தவைத்து, மறுபடி பார்த்து, சரியான பிறகு பச்சைத் தட்டில் வைத்திருக்கிறார். சோதனை மாதத்திலும் அதையேதான் செய்திருக்கிறார். இயந்திரம் பார்த்தது திருத்துவதற்கு முன்பு. நான் பார்த்த பச்சைத் தட்டு திருத்திய பிறகு. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு மனுஷியின் கண் போய்விட்டது என்று அறிக்கை எழுதிவிட்டேன். என் தலையில் நானே நறுக்கென்று குட்டிக்கொண்டேன். கடைக்காரர் வினோதமாகப் பார்த்தார்.

ஆனால் இதை எப்படிச் சொல்வது? திருத்துகிற ஒவ்வொரு போர்டையும் எழுதிவைக்கவேண்டும் என்பது தொழிற்சாலை விதி. எழுதாமல் திருத்தியது தெரிந்தால் அக்காவுக்குப் பேக்கிங் வேலைகூடக் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஏழு பெண்களும் போகவேண்டும், அக்காவின் பேரும் கெடும். திங்கட்கிழமை பதினொரு மணி வரைதான் நேரம்.

தீவையும் கரையையும் இணைக்கிற பாலம் திறந்து சில வருஷம் ஆகியும் அக்காவும் நானும் ஃபெர்ரியில்தான் போவோம். திங்கட்கிழமை காலையில் மேல்தட்டில் அவரைப் பிடித்தேன்.

"பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டார், வழக்கம் போல.

நான் பசியாறவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதம் எதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பதை, அறிக்கையில் எழுதியதை, ஏழு பேரின் பட்டியலை, அவரைப் பேக்கிங்குக்கு மாற்றப்போவதை, எல்லாவற்றையும்.

அக்கா தண்ணீரைப் பார்த்தபடி கேட்டுமுடித்தார். பிறகு திரும்பினார். அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறார்.

"என் கண்ணா போச்சு? நீயா எழுதினே?"

"ஆமாக்கா."

"மூணு மாசம் பக்கத்துல உட்கார்ந்திருந்தியே தம்பி. நீ என் கண்ணைப் பார்த்தவன்லா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. பட்டர்வொர்த் கரை நெருங்கிவந்துகொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடு. தேவிக்கு அப்பா இல்லை. அந்த வீட்டுல வேலைக்குப் போறது அவ ஒருத்திதான். டின் விஷயத்தைச் சொல்லிடு. என் பேரைச் சொல்லு, பரவாயில்லை. நான் எங்கேயாவது பாத்திரம் கழுவிப் பொழைச்சுக்குவேன்."

"இருங்கக்கா. எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க."

"உனக்கு எதுக்கு நேரம்? எழுதறதுக்கு மட்டும் நேரம் வேண்டியிருக்கலியே" என்றார். ஃபெர்ரி கரையில் முட்டியது. என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் நான் தேடியது ஒரே ஒரு கோப்புதான். வாங்கியவர்கள் பழுது என்று திருப்பி அனுப்பிய போர்டுகளின் கோப்பு. அந்த வருஷம் முழுவதும் புரட்டினேன். தொழிற்சாலையின் மற்ற வரிசைகளில் தேறிப்போனவை அதில் இருந்தன. அக்காவின் மேசையில் தேறி வெளியே போனது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தேன்.

பதினொரு மணிக்கு மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீர்கள். என் அறிக்கை தப்பு" என்றேன்.

"இயந்திரம் தப்புச் செய்கிறதா?"

"இயந்திரம் சரியாகத்தான் செய்கிறது. நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த மேசையில் இரண்டு பதில் இருப்பதாக நினைத்தேன். மூன்று இருந்தன. நல்லது, பழுது, திருத்தினால் நல்லது. மூன்றாவதை நான் நோட்டிலிருந்து அடித்துவிட்டேன். அதனால் இந்த மாதம் விழுந்த கோடுகள் எதுவும் செல்லாது. பரிசோதகரின் கண்ணில் ஒரு குறையும் இல்லை." திருப்பி அனுப்பியவற்றின் கோப்பை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"திருத்தியதை எழுதிவைத்திருக்கிறார்களா?"

இல்லை என்றால் அக்காவின் வேலை போய்விடும். இருக்கிறது என்றால் பொய்.

"அப்படி எழுதுவதற்கு ஒரு முறையை இந்த மேசைக்கு நான் அமைத்துக் கொடுத்திருக்கவேண்டும், சார். மூன்று மாதம் அங்கேயே உட்கார்ந்திருந்தும் அமைக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் பேனாவை மூடினார். உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

"அப்படியானால் அந்த டின்னில் முறுக்கு இல்லை" என்றார்.

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பட்டியலை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு மஞ்சள் தட்டு வைக்கச் சொன்னார். புதிதாக வந்தவர்களின் போர்டு பழுதானால் முதல் மாதம் முழுவதும் மஞ்சள் தட்டுக்குத்தான் போகவேண்டும், திருத்திய பிறகே தீர்ப்பு, இயந்திரம் அட்டையைத் தொடக்கூடாது. எல்லாவற்றையும் அன்றைக்கே விதியாக எழுதிக்கொண்டுவரச் சொன்னார். எழுந்து கதவருகே போனவனைக் கூப்பிட்டு, வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு இந்த இயந்திரத்தைக் காட்ட நான் போவதாக இருந்த பயணம் ரத்து என்றும் சொன்னார். பதவி உயர்வும் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. வலித்தது. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கதையை அழகாக முடிக்கவேண்டும் என்பதற்காக மற்றதை மறைக்கமாட்டேன். வசந்தாவின் நாடகம் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அது வந்தது, பின்னால் இன்னும் வந்தன. சில வருஷத்தில் பரிசோதனை மேசைகள் குறைந்தன. வேறு பிரிவுக்குப் போனவர்கள் உண்டு, வேலை போனவர்களும் உண்டு. சிலருடைய முகத்தை இன்றைக்கும் பசாரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் மஞ்சள் தட்டு மட்டும் போகவில்லை. நான் ஓய்வு பெறும்வரை எந்த இயந்திரம் வந்தாலும் அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் தட்டு இருந்தது. எதற்காக என்று தெரியாமலே புது எஞ்சினியர்கள் வைத்தார்கள்.

உங்கள் கூட்டத்தில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். டேட்டாவைச் சுத்தம் செய்கிறேன் என்று நீங்கள் தூக்கிப்போடுவதை, போடுவதற்கு முன்னால் ஒரு தடவை யாருடையது என்று பாருங்கள். நாடகக்காரர்களைப் பல்ப் மாட்டிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நான் மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காததை வசந்தா அரைமணி நேரத்தில் காட்டினாள். அவளுக்கு அது முதலிலேயே தெரியும், நான் கேட்டிருந்தால் போதும். ஒருவருடைய அறிவை வாங்கப் போகும்போது எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் மேல்தான்.

மஞ்சள் தட்டு வைத்த அன்று அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் நான் எஞ்சினியர்கள் அறைக்குப் போகாமல் அவர் மேசைக்கே போய் நின்றேன். அவர் காலடியிலிருந்து டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு இனிமே வேலை இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மொளகாத்தூள் போடப்போறேன். அதுக்கு முன்னால நீ ஒண்ணு பாக்கணும்."

மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். தகரத்தில் ஆணியால் கீறிய நம்பர்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள். புள்ளிகள் முடிகிற இடத்தில் ஒரு கோடு.

"ஒரு புள்ளி ஒரு போர்டு. கை தேறிடுச்சுன்னா கோடு போட்டு மூடிடுவேன்" என்றார்.

தேவியின் நம்பர் கீழே இருந்தது. வசந்தாவின் நம்பர்கூட மேலே இருந்தது. அவர் விரல் இன்னும் நகர்ந்து நடுவில் ஒரு நம்பரில் நின்றது. நான்கு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வாரம் என் போர்டுகளில் ஒட்டியிருந்த நம்பர். பக்கத்தில் ஒன்பது புள்ளிகள்.

ஐந்து கோடு விழுந்தால் வீட்டுக்குப் போகவேண்டிய தொழிற்சாலையில் ஒன்பது.

"என்னை ஏன் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லலை அக்கா?"

"படிச்ச புள்ளை, எல்லார் முன்னாடியும் கூப்பிட்டா வெட்கப்படுவேன்னு நானே திருத்திட்டேன். ஒரே ஒரு தடவைதான் பின்னால வந்து நின்னு சொன்னேன். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே."

நான் அந்த ஒன்பது புள்ளிகளையும் தடவிப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது, நம்பர் தெரியவில்லை. அக்கா மூடியைத் திருப்பி டின்னை மூடினார். பிறகு, நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததைக் கேட்டுக்கொண்டு நான்கு வருஷம் வாய் திறக்காமல் இருந்த அந்த மனுஷி, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அழாதலா. பத்தாவது நல்லா வந்துச்சு தம்பி."